எதிர் பெஞ்சின் வரிகள்

பிப்ரவரி 14. திருநீற்றுப் புதன்

காலையில் ஃபாதர் சூசைமாணிக்கம் மோட்டார் சைக்கிளில் வந்து திருப்பலி நிறைவேற்றி, வந்தவர்கள் நெற்றியில் சாம்பல் பூசிவிட்டுப் போனார். வந்தவர்கள் பத்துப் பேர்கூட இல்லை. மிளகாய் எடுப்பு நடக்கிறது. கொல்லங்குளத்தில் பாதி ஊர் விடியும்முன் மிளகாய்க் காட்டுக்குப் போய்விடுகிறது.

எங்கள் கன்னியர் இல்லத்து மருந்தகத்தில் கண் எரிச்சல், முள் குத்து, ஒரு குழந்தைக்குக் காய்ச்சல்.

மருந்துக் கம்பெனிக்காரர் கொடுத்த இந்த டைரி சும்மா கிடந்தது. இன்று எழுதத் தொடங்குகிறேன். இரவுச் சாப்பாட்டின்போது அன்றைய நாளை ஒருவருக்கொருவர் சொல்வது எங்கள் இல்லத்து வழக்கம். சிஸ்டர் லியோனி திருச்சித் தாய் இல்லத்துக்குப் போனபின் சொல்ல ஆளில்லை.

மதியம் எங்கள் சபைத் தலைவி மதர் திருச்சியிலிருந்து போன் செய்தார்.

"சிஸ்டர் அடைக்கலமேரி, உங்களுக்கும் வயசாகுது. உங்கள அந்தப் பொட்டக்காட்டுல தனியா விட்டுட்டு எனக்கு இங்க தூக்கம் வரல. துணைக்கு அனுப்பவும் என்கிட்ட ஆள் இல்ல."

"திருச்சிக்கு வரணும்னு உத்தரவா மதர்?"

"உத்தரவு இல்ல. ஜெபம் பண்ணிட்டு நீங்களே சொல்லுங்க. பாஸ்காவுக்குள்ள சொன்னா போதும்."

பாஸ்கா என்கிற ஈஸ்டருக்கு இன்னும் ஆறு வாரத்துக்கு மேல் இருக்கிறது. ஆனால் ஜெபம் பண்ணிட்டு என்கிறார். சிக்கலே அங்கேதான்.

பிப்ரவரி 16. வெள்ளி

சிக்கல் என்ன என்று எழுதிவிடுகிறேன்.

எங்கள் சிற்றாலயத்தில் நற்கருணைப் பேழை இருக்கிறது. முன்னால் வெள்ளைத் திரை. உள்ளே நற்கருணையாக, திருப்பலியில் அர்ச்சித்த அப்பத்தின் வடிவில், ஆண்டவர் இருக்கிறார். இருக்கிறார் என்பதற்கு அடையாளமாகப் பக்கத்தில் சிவப்புக் கண்ணாடிக்குள் ஓர் எண்ணெய் விளக்கு இரவும் பகலும் எரியும். இதை நான் நம்புகிறேன். மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறேன். ஆனால் அதன்முன் உட்காரும்போது அங்கே யாரோ இருப்பதாக எனக்குத் தோன்றி வெகுகாலம் ஆகிறது. லியோனி இருந்தவரை அது பெரிதாகத் தெரியவில்லை. எதிரில் ஓர் ஆள் இருந்தது.

சிற்றாலயத்தில் இரண்டு பெஞ்சுகள் எதிரெதிரே கிடக்கின்றன. மாலைச் செபத்தில் திருப்பாடலை ஒரு வரி இந்தப் பக்கம் சொல்லும், அடுத்த வரி அந்தப் பக்கம் சொல்லும். இப்போது நான் ஒருத்தி. முழுவதையும் நானே சொல்லிவிடலாம், சொல்லியும் பார்த்தேன். லியோனியின் வரிகள் என் வாயில் வர மறுக்கின்றன. அதனால் என் வரியைச் சொல்கிறேன். அவர் வரிக்கு ஆகும் நேரம் பேசாமல் இருக்கிறேன். பிறகு என் அடுத்த வரி.

செபத்துக்கு மணி அடிப்பதையும் விட்டுவிட்டேன். யாரைக் கூப்பிட?

ஆண்டவர் இங்கே இருக்கிறார் என்று ஒரே ஒரு தடவை தெரிந்தால் போதும், இங்கேயே இருந்துவிடுவேன். தெரியாவிட்டால் திருச்சி. மதரிடம் இப்படிச் சொல்ல முடியாது.

பிப்ரவரி 20. செவ்வாய்

பக்கத்து வீட்டு வெள்ளையம்மாவின் கணவர் கருப்பணனுக்குப் படுக்கைப் புண் சுத்தம் செய்தேன். வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்த மனிதர். தினமும் காலையில் போகிறேன். இடுப்புக்குக் கீழே உள்ள புண் ஆழம் குறைந்திருக்கிறது. புரட்டும்போது அவர் வாயிலிருந்து என்னவோ வந்தது.

"என்ன சொல்றார்?" என்றேன்.

"என்னயத்தான் வையுறாக" என்றாள் வெள்ளையம்மா, அவர் தோளைப் பிடித்துக்கொண்டே. "பேச்சுப் போயும் ஏச்சுப் போகல இந்த மனுசனுக்கு."

கருப்பணனின் நல்ல பக்கத்து உதடு சிரித்தது.

அவர்கள் கும்பிடுவது அய்யனாரை. எங்கள் சிற்றாலயத்துக்குள் அவள் வந்ததில்லை. வாசல் கூட்டுவாள், ஆடு நுழையாமல் விரட்டுவாள். கூப்பிட்டால், "உள்ள இருக்கவருக்கு என் பாசை தெரியுமோ என்னமோ" என்பாள்.

பிப்ரவரி 24. சனி

இரவுக்குக் கோதுமை உப்புமா. இரண்டு தட்டு எடுத்து, ஒன்றைத் திரும்ப வைத்தேன்.

பிப்ரவரி 28. புதன். திருச்சி

லியோனியைப் பார்க்க வந்தேன். வீட்டைப் பார்த்துக்கொள்ள வெள்ளையம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.

ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். தலை சீவி, சுத்தமாக இருந்தார். என்னைப் பார்த்ததும் மரியாதையாக எழப் போனார். "உக்காருங்க சிஸ்டர். நீங்க எந்த இல்லம்?" என்றார்.

கொல்லங்குளம் என்றேன். நல்ல ஊர் என்று கேள்விப்பட்டிருப்பதாகச் சொன்னார்.

சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து திருப்பாடலில் ஒரு வரி சொல்லி நிறுத்தினேன். அவர் ஜன்னலைப் பார்த்தார். அணில் ஓடியது.

இன்றே திரும்புவதாக இருந்தது. அவர் என் கைமேல் வைத்த கையை எடுக்கவில்லை. அதனால் இரவு தங்கினேன். ஃபாதருக்குப் போன் செய்து, இன்று வரமுடியவில்லை, வீட்டில் ஆளில்லை என்றேன். "சரி சிஸ்டர், நான் பாத்துக்கிறேன்" என்றார்.

மார்ச் 1. வியாழன்

பேருந்து தாமதம். பொழுது சாயும் நேரத்தில் வந்து சேர்ந்தேன். சிற்றாலயம் இருட்டாக இருந்தது. அணையா விளக்கு அணைந்திருந்தது. எண்ணெய் இருந்தது, திரியும் இருந்தது. போகிற அவசரத்தில் திரியைச் சரியாகத் தூண்டாமல் போயிருப்பேன். ஒரு நாள் நான் இல்லை. அவரை இருட்டில் விட்டுவிட்டேன்.

திரியை மாற்றி ஏற்றினேன். முழந்தாளிட்டு மன்னிப்புக் கேட்டேன். வழக்கம்போல் ஒன்றும் தோன்றவில்லை.

மார்ச் 4. ஞாயிறு

ஃபாதருக்கு மஞ்சள் காமாலை என்று பங்குக் கோயில் உபதேசியார் வந்து சொன்னார். மதுரையில் சேர்த்திருக்கிறார்கள். இரண்டு வாரம் இங்கே திருப்பலி இல்லை.

மார்ச் 5. திங்கள்

எழுதலாமா என்று யோசித்தேன். நோயாளிக்குக் குறிப்பு எழுதுவதுபோல் எழுதிவிடுகிறேன்.

மூன்று நாளாக இருக்கிறது. முதல் நாள் பொருட்படுத்தவில்லை. மாலைச் செபத்தில், என் வரியைச் சொல்லி நிறுத்தும்போது, அந்த இடைவெளி வெறுமையாக இல்லை. சூடு இல்லை, வெளிச்சம் இல்லை, குரல் இல்லை. கண்ணீரும் வரவில்லை.

செவிலியர் பயிற்சியின்போது வார்டில் இரவுப் பணி பார்த்திருக்கிறேன். எல்லோரும் தூங்குவார்கள். கதவருகே நின்றாலே தெரிந்துவிடும், இதில் ஒருவர் விழித்திருக்கிறார் என்று. அசைய மாட்டார், கூப்பிட மாட்டார். எந்தக் கட்டில் என்றுகூடத் தெரியாது. ஆனால் ஒருவர் விழித்திருக்கிறார். அந்த நிச்சயம் ஒருநாளும் பொய்த்ததில்லை.

அப்படித்தான் இருந்தது.

மார்ச் 6. செவ்வாய்

இன்றும்.

மார்ச் 8. வியாழன்

சிற்றாலய வாசற்படியில் வெற்றிலைக் காம்புகள் கிடந்தன. மருந்தகத்துக்கு வந்தவர்கள் போட்டிருப்பார்கள். கூட்டித் தள்ளினேன். மிளகாய் நெடிக்கு இருமல் மருந்து தீர்ந்துவிட்டது. பரமக்குடியில் சொல்லி அனுப்ப வேண்டும்.

மாலையில் திருப்பாடல் நீளமானது. நீளமாக இருந்ததில் வருத்தமில்லை. ஒவ்வொரு வரியையும் சொல்லிவிட்டு, அவருக்குரிய நேரத்தை அவருக்குக் கொடுத்தேன்.

மார்ச் 11. ஞாயிறு

வெள்ளையம்மா மகள் பிரசவத்துக்காக நேற்றே பரமக்குடி போய்விட்டாள். நாளைதான் வருவாள். கருப்பணனுக்குக் கஞ்சி நான்தான் கொடுத்தேன். அவளுக்கு ஊற்றத் தெரிகிற பதம் எனக்குத் தெரியவில்லை. நெஞ்செல்லாம் சிந்திக்கொண்டு என்னையும் ஏசினார்.

அவரைத் தூங்கவைத்துவிட்டு வந்து செபம் சொன்னேன். இன்றும். மற்ற நாட்களைவிட அருகில்.

மார்ச் 12. திங்கள்

வெள்ளையம்மா வந்துவிட்டாள். பெண் குழந்தை. கருப்பட்டி கொடுத்தாள்.

மார்ச் 14. புதன்

முடிவு செய்துவிட்டேன். இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஃபாதர் வந்து திருப்பலி முடிந்ததும் மதருக்குப் போன் செய்ய வேண்டும். தெரியுமா என்று கேட்டால், தெரியும் என்று சொல்ல முடியும்.

மார்ச் 18. ஞாயிறு

ஃபாதர் வந்தார். பாதியாக இளைத்திருக்கிறார், கண்ணில் இன்னும் மஞ்சள் போகவில்லை. பீடத்தை ஒழுங்கு செய்யப் போனவர் விளக்கைப் பார்த்து நின்றார்.

"இத யார் ஏத்தினது சிஸ்டர்?"

"நான்தான் ஃபாதர். திருச்சியிலேருந்து வந்தன்னைக்கு அணைஞ்சு கிடந்துச்சு."

"அணையல. நான் அணைச்சேன்."

பேழையின் திரையை விலக்கினார். கதவு திறந்திருந்தது. உள்ளே விரித்த வெள்ளைத் துணி மட்டும் இருந்தது.

"நீங்க ராத்திரி தங்குறேன்னு சொன்னீங்கல்ல. ஆளில்லாத வீட்ல நற்கருணைய வைக்கக் கூடாதே. அன்னைக்கே வந்து எடுத்துட்டுப் போயிட்டேன். அந்த ஞாயித்துக்கிழமை கொண்டாந்து வைக்கலாம்னு இருந்தேன், அதுக்குள்ள படுத்துட்டேன். வெள்ளையம்மாகிட்ட சொல்லிட்டுத்தான போனேன்?"

அவள் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை என்றேன்.

"அட ஆண்டவரே. அப்ப இத்தனை நாளும் காலிப் பெட்டிக்குக் காவல் இருந்தீங்களா?" என்று சிரிக்கத் தொடங்கினார். என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"இங்க யாரும் இல்லையா ஃபாதர்?"

"நற்கருணை இல்ல. அவ்வளவுதான். கடவுள் எங்கும் இருக்கார்ங்கிறது மறைக்கல்வியில முதல் பாடமாச்சே சிஸ்டர்."

"ஆமா ஃபாதர்" என்றேன். அந்தப் பாடத்தை நடத்தியவள் நான்.

திருப்பலி நடந்தது. பதில்களை எல்லாம் சத்தமாகச் சொன்னேன். முடிவில் நற்கருணையைப் பேழையில் வைத்துப் பூட்டி, விளக்கை அவரே ஏற்றினார். போகும்போது வெள்ளையம்மாவிடம் ஏதோ கேட்டுக்கொண்டு நின்றார். அவள் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள்.

மதருக்குப் போன் செய்யவில்லை.

மார்ச் 19. திங்கள்

நாய்க்கடி ஒன்று. பரமக்குடிக்கு அனுப்பினேன்.

மார்ச் 21. புதன்

இப்போது பேழையில் ஆண்டவர் இருக்கிறார். விளக்கு சரியான காரணத்துக்காக எரிகிறது. மாலைச் செபத்தில் வரியைச் சொல்லி நிறுத்துகிறேன். ஒன்றுமில்லை. சுவர்க் கடிகாரம் கேட்கிறது.

ஃபாதர் சொன்னது சரி. அவர் எங்கும் இருக்கிறார். ஆனால் நான் எங்கும் இருப்பவரைக் கேட்கவில்லை. இந்த அறையில், இந்த நேரத்தில் ஒருவர் விழித்திருக்கிறாரா என்றுதான் கேட்டேன். விழித்திருக்கிறார் என்று தெரிந்தது. பார்த்தால் காலிப் பெட்டி. ஆளில்லாத கட்டிலுக்கு நாடி பிடித்துப் பார்த்துக் குறிப்பு எழுதியிருக்கிறேன். இப்படிச் செய்த பயிற்சி நர்சை நானே வார்டைவிட்டு அனுப்பியிருப்பேன்.

மார்ச் 22. வியாழன்

மதரிடம் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். "கடவுள் வழிகாட்டிட்டார்" என்றார். பாஸ்கா முடிந்ததும் வண்டி அனுப்புவார்கள்.

மார்ச் 25. குருத்து ஞாயிறு

காலையில் புண்ணைக் கழுவும் முறையை வெள்ளையம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தேன். தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்ற வேண்டும், பஞ்சை உள்ளிருந்து வெளியே ஒற்ற வேண்டும், ஒரு பஞ்சை இரண்டாம் தடவை வைக்கக் கூடாது. நன்றாகவே செய்தாள்.

"இத எதுக்கு எனக்குக் கத்துத் தாரீக?"

"பாஸ்கா முடிஞ்சதும் நான் திருச்சிக்குப் போறேன். இனி வர மாட்டேன்."

அவள் பஞ்சைப் பிழிந்துகொண்டே இருந்தாள். கருப்பணன்தான் என்னவோ சொன்னார். இந்தத் தடவை அவள் எனக்கு அதைச் சொல்லவில்லை.

மதியத்துக்கு மேல், நான் துணிகளை மடித்துக்கொண்டிருந்தபோது, சமையலறைப் பக்கம் வந்து நின்றாள்.

"நான் சொல்லாம விட்டதுக்காகத்தான் போறீகளா சிஸ்டரம்மா?"

"எத?"

"சாமியார் சொல்லச் சொன்னத. பேழையில இருந்தத எடுத்துட்டுப் போறேன், வெளக்கையும் அமத்திட்டேன், சிஸ்டர் வந்தா சொல்லிருன்னாக. நீங்க வந்த மறுநா சாயங்காலம், ஆட்ட அடைச்சிட்டு அதச் சொல்லத்தான் வந்தேன். வந்து பாத்தா வெளக்கு எரியுது. சரி, சாமி திரும்பி வந்துருச்சு போலன்னு நெனச்சேன். பெறகு சொல்ல என்ன இருக்கு?"

எனக்குச் சிரிப்பு வந்தது. நான் விளக்கைப் பார்த்து ஏமாந்தேன். அவள் நான் ஏற்றிய விளக்கைப் பார்த்து ஏமாந்தாள்.

"வந்தவ உள்ள வந்திருக்கலாம்ல?"

"நீங்க வேதம் சொல்லிக்கிட்டு இருந்தீக. நடுவுல பேசப்படாதுன்னு வாசப்படிக்கு வெளிய, செவுத்துல சாஞ்சு உக்காந்தேன். நீங்க ஒரு வரி சொல்றீக, நிப்பாட்டுறீக. மறுபடி ஒரு வரி, மறுபடி நிப்பாட்டுறீக. யாரோ பதில் சொல்லணும்னு காத்துக் கெடக்க மாதிரி இருந்துச்சு." முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள். "எந்திரிச்சுப் போக மனசு வரல."

நான் மடித்த துணியைக் கையில் வைத்திருந்தேன்.

"அதுக்குப் பெறகும் வந்தேன். அந்த மனுசனுக்குக் கஞ்சிய ஊத்திட்டு, வெத்தலையப் போட்டுக்கிட்டு வந்து உக்காந்துருவேன். பெஞ்சு நகர்ற சத்தம் கேட்டா போயிருவேன். அன்னைக்குச் சாமியார் ஏன் சொல்லலைன்னு கேட்டாகள்ல, அதுலேருந்துதான் வர வெக்கமா இருந்துச்சு."

"தெனமும் வந்தியா" என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.

எந்த நாள் என்ன எழுதினேன், எந்த நாள் அவள் ஊரில் இல்லை என்பதெல்லாம் இந்த டைரியில் இருக்கிறது. ஒரு நோயாளியின் குறிப்பாக இருந்தால் இந்நேரம் பக்கத்தைப் புரட்டி ஒத்துப் பார்த்திருப்பேன். புரட்டவில்லை.

மார்ச் 27. செவ்வாய்

துணிகளை மடித்த பெட்டி திறந்தே கிடக்கிறது.

மார்ச் 29. பெரிய வியாழன்

இன்று எல்லாக் கோயில்களிலும் பேழையைக் காலி செய்வார்கள். நாளை பெரிய வெள்ளி, ஆண்டவர் இறந்த நாள். காலையில் ஃபாதர் வந்து நற்கருணையை எடுத்தார். திரையைக் கழற்றி, கதவை நன்றாகத் திறந்துவைத்தார். "இந்தத் தடவை உங்க கண் முன்னாடியே எடுக்கிறேன்" என்றார்.

விளக்கை நான் அணைத்தேன்.

மார்ச் 30. பெரிய வெள்ளி

மருந்தகம் மூடல். உபவாசம். மதியம் பங்குக் கோயிலில் சிலுவை ஆராதனைக்குப் போய்விட்டு வந்தேன்.

மாலையில் புத்தகத்தைத் திறந்தபோது வாசலில் வெள்ளையம்மா நின்றாள்.

"வெளக்கு எரியல. சாமி இருக்கா இல்லையா?"

"பெட்டியில இல்ல."

"அப்பச் சரி. உள்ள வரலாமா?"

வா என்றேன். எதிர் பெஞ்சைக் காட்டினேன். அவள் அதில் உட்காரவில்லை. "அதுல உக்காந்தா முதுகு புடிச்சுக்கிரும்" என்று, பெஞ்சுக்குக் கீழே தரையில் காலை நீட்டி, பெஞ்சுக் காலில் சாய்ந்துகொண்டாள். ஆட்டு வாடையும் வெற்றிலை வாடையும் வந்தன.

என் வரியைச் சொன்னேன். நிறுத்தினேன்.

"ம்" என்றாள்.

கதை கேட்பவர்கள் கொட்டுவார்களே, அந்த ம். மேலே சொல்லு, நான் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன் என்பது. எனக்கு அடுத்த வரி உடனே வரவில்லை. புத்தகத்தில் எழுத்துகள் கலங்கின. அவள் அவசரப்படுத்தவில்லை. காத்திருந்தாள்.

அடுத்த வரியைச் சொன்னேன்.

"ம்."

திறந்து கிடந்த பேழையை நிமிர்ந்து பார்த்தேன். வெள்ளைத் துணி. அதற்கு அப்பால் ஒன்றுமில்லை. அறையில் வெள்ளையம்மா விழித்திருந்தாள். அவள் மட்டும்தானா என்று கேட்டுப் பார்த்தேன். செவிலியாக இருந்து பழகிய காது; எண்ணிச் சொல்லிவிடும். இன்று எண்ணவில்லை. கடைசி வரி வரை சொல்லி முடித்தேன்.

எழும்போது அவள், "கதை நல்லாத்தான் இருக்கு. பாதிதான் சொல்றீக" என்றாள்.

மீதி உன் பக்கத்து வரி என்றேன். அவளுக்குப் புரியவில்லை. கருப்பணனுக்குக் கஞ்சி ஊற்றப் போய்விட்டாள்.

ஏப்ரல் 1. பாஸ்கா

ஃபாதர் அதிகாலைத் திருப்பலி வைத்தார். பேழை நிறைந்தது, விளக்கு எரிகிறது.

மதருக்குப் போன் செய்தேன். வண்டி அனுப்ப வேண்டாம், நான் இங்கேயே இருக்கிறேன் என்றேன்.

"போன வாரம்தான வர்றேன்னீங்க? தனியா இருந்து என்ன பண்ணப் போறீங்க?"

"தனியா இல்ல மதர். ஆள் இருக்கு."

"யாரு?"

"சரியாச் சொல்லத் தெரியல. ஆனா இருக்கு."

"உடம்பு நல்லாத்தான இருக்கு சிஸ்டர்?" என்றார்.

நன்றாக இருக்கிறது என்றேன்.

பெட்டியிலிருந்து துணிகளை எடுத்து அலமாரியில் அடுக்கினேன். கருப்பணனின் புண்ணில் புதுச் சதை வந்திருக்கிறது. பொழுது சாய்ந்ததும் மாலைச் செபத்துக்கு மணி அடித்தேன்.